பகைப்புலம்

1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள வாச்சாத்திக்குள் நுழைந்தவர்கள் மொத்தம் 269 பேர். வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். வகுப்பில் இந்தக் கணக்கைச் சொன்னால் யாராவது ஒரு மாணவி கேட்டுவிடுவாள்: "வருவாய்த்துறைக்கு அங்க என்னம்மா வேலை?" பல வருடங்கள் இதற்கு என்னிடம் பதில் இல்லை. பதிலைத் தேடிப் போய்த்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி கிடைத்தது.

அன்று நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர் அது. ஆண்களில் பலர் மலைக்குள் ஓடிவிட்டார்கள். ஊரிலிருந்தவர்களை ஒரே இடத்தில் கூட்டி அடித்தார்கள். கட்டையை எங்கே புதைத்தீர்கள், வந்து காட்டுங்கள் என்று சொல்லி 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோனார்கள். அந்தப் பதினெட்டுப் பேரும் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அவர்களில் பள்ளி வயதுச் சிறுமியும் உண்டு. பிறகு பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் போய் அடைத்தார்கள். ஆளில்லாத ஊரில் வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடு கோழிகளைத் தின்றார்கள். தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள், செத்த கால்நடைகளைப் போட்டார்கள்.

அந்த வருடம் நான் எட்டாம் வகுப்பு. வாச்சாத்தி என்ற பெயரே என் காதில் விழவில்லை. கல்லூரிக்கு வந்த பிறகு யாரோ கொடுத்த துண்டறிக்கையில்தான் முதலில் படித்தேன்.

காவல்துறை இராணுவமயமாகிறது என்று இப்போது பேசும்போது நம் கண்ணில் தெரிவது கருவிகள். வஜ்ரா வண்டி, தூரத்திலிருந்து குறிபார்க்கும் துப்பாக்கி, முகத்தை மறைக்கும் தலைக்கவசம், டிரோன். 2014-ல் அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரத் தெருவில் போர்க்கள வாகனத்தோடு நின்ற போலீஸ்காரர்களின் படம் உலகமெங்கும் போனது. அங்கே இராணுவத்தின் உபரிக் கருவிகளை உள்ளூர்ப் போலீசுக்குக் கொடுக்கும் திட்டமே இருப்பதால் விவாதமும் கருவியைச் சுற்றியே நடக்கிறது. வாச்சாத்திக்கு அப்படி எதுவும் வரவில்லை. லாரிகளில் வந்தார்கள், கையில் பெரும்பாலும் லத்தி. சிறப்புப் படை என்று பெயர் வைத்த எந்தப் படையும் வரவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு காவல் நடவடிக்கை போராக நடந்ததற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்தக் கிணறுதான் என்னை அப்படிச் சொல்ல வைக்கிறது. கடத்தல்காரனைப் பிடிக்க வந்தவனுக்குக் கிணற்றைக் கெடுக்க வேண்டிய தேவை இல்லை. அந்த ஊர் மறுபடி ஊராகக் கூடாது என்று நினைப்பவன்தான் அதைச் செய்வான்.

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் புறத்திணையைப் படித்த ஆண்டுகளில் துறை விளக்கங்களை மனப்பாடமாக வைத்திருந்தேன். மழபுல வஞ்சி என்றொரு துறை உண்டு. பகைவர் நாட்டில் புகுந்து கொள்ளையிட்டுப் பாழாக்குவதைப் பாடுவது. எரிபரந்தெடுத்தல் இன்னொன்று, ஊரைக் கொளுத்துவது. இவற்றுக்கான பாடல்களை உவமை அழகுக்காகத்தான் படித்தோம், படிக்க வைக்கப்பட்டோம். எரிந்த ஊரில் யார் இருந்தார்கள் என்று எங்கள் நெறியாளர் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. பட்டினப்பாலையில் கொண்டி மகளிர் வருகிறார்கள். கொண்டி என்றால் கொள்ளை. பகைவர் நாட்டிலிருந்து பிடித்து வந்த பெண்கள் என்று உரை சொல்கிறது. அவர்கள் நீராடிவிட்டு வந்து பொதுவிடத்தில் விளக்கேற்றுகிறார்கள். தேர்வில் இதை 'அக்காலச் சமய வழக்கம்' என்ற தலைப்பின் கீழ் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். போரில் எடுக்கும் பொருள்களின் பட்டியலில் பெண்ணும் ஒருத்தி என்பதற்கு நம் மொழியிலேயே, அதுவும் செவ்வியல் நூலிலேயே, ஒரு சொல் இருக்கிறது. பொற்காலம் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்தச் சொல்லைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

ஒரு நிலம் பகைப்புலம் என்று முடிவானதும் அங்கிருக்கும் கிணறு, தானியம், மாடு, பெண் எல்லாம் ஒரே வரிசைக்கு வந்துவிடுகின்றன. காவல்துறை இராணுவமயமாவது என்று நான் சொல்வது இந்த முடிவைத்தான். துப்பாக்கி அதற்குப் பிறகு வருவது.

இந்த முடிவை எடுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? மாணவி கேட்ட கேள்விக்கு இங்கேதான் வர வேண்டியிருக்கிறது.

1855-ல் சென்னையில் ஓர் ஆணையம் அறிக்கை கொடுத்தது. மதராஸ் மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த ஆணையம். புகார் சொல்ல நெடுந்தூரம் நடந்தே வந்தவர்கள் உண்டு. அந்த ஆங்கில அறிக்கையைப் படிக்கும் தமிழ் மாணவி சில இடங்களில் திடுக்கிட்டு நிற்பாள். நடுநடுவே நம் சொற்கள் கிடக்கின்றன. கிட்டி. அண்ணாந்தாள். கிட்டி என்பது இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள், கழுத்தையும் காலையும் கயிற்றில் பிணைத்துக் குனிந்தபடியே வெயிலில் நிறுத்துவது. பெண்களின் மார்பில் கிட்டி போட்டதும் அதில் பதிவாகியிருக்கிறது. மொழிபெயர்க்கச் சொல் கிடைக்காததால் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த கொடை என்று கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணியையும் பட்டியல் போடும் கட்டுரைகளில் இந்த இரண்டு சொற்களை நான் பார்த்ததில்லை.

இதைச் செய்தவர்கள் யார்? வரி வசூலித்தவர்கள். அன்று வருவாய்த்துறையும் போலீசும் ஒன்றே. தாசில்தாரும் அவருக்குக் கீழிருந்த சேவகர்களும் காலையில் வரி கேட்டார்கள், வராவிட்டால் அவர்களே தண்டித்தார்கள். இரண்டு அதிகாரமும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பது அறிக்கையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். 1859-ல் மதராஸ் மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வருவாயிலிருந்து போலீஸ் பிரிந்தது. இரண்டு வருடம் கழித்து இந்தியா முழுமைக்குமான 1861 போலீஸ் சட்டம். 1859-ல் பிரித்து வைத்ததை 1992-ல் மறுபடி ஒரே லாரியில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த ஆறு பேரின் வேலை அங்கே என்ன என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இது. 1855-ல் இருந்ததும் அதே வேலைதான்.

புதுப் போலீசுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மாதிரிதான் அடுத்த கோளாறு. பிரிட்டிஷ் பேரரசில் அப்போது இரண்டு வகைப் போலீஸ் இருந்தது. லண்டனில் 1829-ல் உருவானது ஒன்று. துப்பாக்கி இல்லாமல் தெருவில் நடந்துபோகும் போலீஸ். அயர்லாந்தில் இருந்தது இன்னொன்று. துப்பாக்கி உண்டு, குடியிருப்பு முகாமில், சொந்த மாவட்டத்தில் வேலை கிடையாது. தங்கள் மக்களுக்கு முதலாவது, அடக்கி வைத்த மக்களுக்கு இரண்டாவது. இந்தியாவுக்கு வந்தது பெரும்பாலும் அயர்லாந்து மாதிரி. சித்திரவதையை நிறுத்தப் பிறந்த சீர்திருத்தம் முகாமில் வாழும் ஆயுதப் போலீசைக் கொண்டுவந்து விட்டது. சேவகனின் கிட்டி போய் சிப்பாயின் கவாத்து வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். உண்மையில் கிட்டியும் போகவில்லை.

1920 ஏப்ரல் 3 அன்று மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. குற்றப்பரம்பரைச் சட்டத்தை அந்தப் பக்கத்தில் ரேகைச் சட்டம் என்பார்கள். இறந்தவர்கள் 16 பேர், அவர்களில் ஒரே ஒரு பெண், மாயக்காள். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் என்று ஊர் சொல்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் நினைவுக் கூட்டங்களில் அவள் பெயரை வீரமங்கை என்ற அடையோடு சொல்கிறார்கள். அவள் எந்தப் போரையும் தொடங்கவில்லை, தண்ணீர் எடுத்துப் போனாள். நடந்ததைப் போராக்கியது எதிரில் நின்றவர்கள்.

அடுத்த வருடம் மலபார் கிளர்ச்சியை ஒட்டி மலபார் சிறப்புப் போலீஸ் உருவானது. காலாட்படை போலவே பயிற்சி, ஆயுதம், கட்டுப்பாடு. பெயரில் மட்டும் போலீஸ். கிளர்ச்சி அடங்கியதும் படையைக் கலைக்கவில்லை. அல்லூரி சீதாராம ராஜுவின் மலைவாழ் மக்கள் எழுச்சிக்கு எதிராக அனுப்பினார்கள். நாடு விடுதலை அடைந்த பின்னும் கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் இயக்கத்தை ஒடுக்க அதே படைதான் வந்தது. ஓர் அவசரத்துக்காக உண்டாக்கும் படை அந்த அவசரம் தீர்ந்ததும் வேறு அவசரத்தைத் தேடிக்கொள்ளும். மணிமுத்தாறிலும் ஆவடியிலும் உளுந்தூர்பேட்டையிலும் இன்றிருக்கும் பட்டாலியன்கள் அந்த மரபில் வந்தவை.

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேருகிறவர் நேராக ஊர்க் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. முதலில் பட்டாலியன் அல்லது ஏ.ஆர். எனப்படும் ஆயுதப்படை. அங்கே சில வருடங்கள். பிறகுதான் தாலுகா ஸ்டேஷன். புகார் கொடுக்க வரும் பெண்ணிடம் உட்காருங்கம்மா என்று சொல்ல வேண்டியவர் அதற்கு முன்பு பல வருடங்கள் கூட்டத்தை எப்படிக் கலைப்பது என்று பழகியிருக்கிறார். மக்களைத் தனி ஆளாகப் பார்ப்பதற்கு முன்னால் கூட்டமாகப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

என் மாணவி ஒருத்தி சீருடைப் பணியாளர் தேர்வில் தேறி, பயிற்சியும் முடித்து, இப்போது ஏ.ஆரில் இருக்கிறாள். அப்பா இல்லை, அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். உடல் தகுதித் தேர்வுக்கு அவள் ஓடிப் பழகிய காலத்தில் கல்லூரி மைதானத்தைக் காலையில் திறந்துவிடச் சொல்லி முதல்வரிடம் பேசியது நான்தான். பொங்கல் விடுப்பில் பார்க்க வந்தாள். தோள் அகன்றிருந்தது, குரல் மாறியிருந்தது, நாற்காலியில் உட்காரும் விதமே வேறாக இருந்தது. சந்தோஷமாக இருந்தது எனக்கு. பேச்சுவாக்கில் சொன்னாள்: "பந்தோபஸ்துல நின்னா எதிர்ல இருக்கிறவங்க முகத்தப் பாக்காதன்னு சொல்லுவாங்கம்மா. பாத்தா கை வராதாம்." அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. தொழில் நுணுக்கமாகச் சொன்னாள்.

பெண்ணுரிமை பேசுகிற நாம் இந்த விவாதத்தில் தடுமாறும் இடம் இது. 1973-ல் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள் என்று 22 பெண்களோடு தமிழ்நாட்டில் பெண் போலீஸ் தொடங்கியது. அதே 1992-ல், வாச்சாத்தி நடந்த வருடத்தில், சென்னை ஆயிரம் விளக்கில் மாநிலத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. எட்டாம் வகுப்பில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள், எழுதினேன், பரிசும் வாங்கினேன். 2003-ல் பெண்கள் மட்டுமே கொண்ட கமாண்டோ பிரிவு வந்தபோது கறுப்பு உடையில் துப்பாக்கியோடு நின்ற பெண்களின் படத்தை நாளிதழிலிருந்து வெட்டி விடுதி அறைச் சுவரில் ஒட்டினேன். அந்தப் படத்தைப் பழிக்க இப்போதும் மனம் வரவில்லை. பெண்ணால் முடியாது என்றவர்களுக்கு அது பதில்தான். ஆனால் அது யார் கேட்ட கேள்விக்குப் பதில்? ஏரிப்பக்கம் கொண்டுபோகப்பட்ட பதினெட்டுப் பேர், அந்தப் படையில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்கவில்லை.

ஒரு மறுப்பையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். வன்முறை செய்ய படை எதற்கு, சாதாரண ஸ்டேஷனே போதாதா என்று ஒரு தோழி என்னிடம் கேட்டார். போதும். வாச்சாத்திக்குச் சில வாரங்கள் முன்புதான் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில், விசாரணைக்குப் பிடித்துப் போன கணவன் இறந்துபோக, அவரைத் தேடிப் போன மனைவியைக் காவலர்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினார்கள். அங்கே பட்டாலியன் இல்லை. உள்ளூர் ஸ்டேஷன், உள்ளூர் ஆட்கள். அந்த ஸ்டேஷனுக்கு ஒரு வாசல் இருந்தது, பணியில் யார் இருந்தார்கள் என்று காட்டும் ஏடு இருந்தது, சுவருக்குள் நடந்ததை மறைத்தாக வேண்டிய தேவையும் இருந்தது. வாச்சாத்தியில் நடந்தது திறந்தவெளியில், பகலில், மூன்று துறைகளின் முன்னிலையில். மறைக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. இரண்டும் குற்றமே, இரண்டும் ஒரே குற்றம் இல்லை.

இந்த வேறுபாட்டைச் சட்டம் புரிந்துகொள்ள முப்பது ஆண்டு ஆனது. மதுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-ல் காவலர்களை விடுவித்ததும், நான்கு சட்டப் பேராசிரியர்கள் நீதிமன்றத்துக்குத் திறந்த மடல் எழுதியதும், நாடெங்கும் பெண்கள் தெருவுக்கு வந்ததும் நமக்குத் தெரியும். அதன் விளைவாக 1983-ல் சட்டம் திருந்தியது. காவலர் செய்யும் வன்புணர்வுக்குக் கூடுதல் தண்டனை. அந்தப் பிரிவின் வாசகத்தைக் கவனியுங்கள்: அவர் நியமிக்கப்பட்ட காவல் நிலையத்தின் எல்லைக்குள், அல்லது ஏதாவது ஒரு காவல் நிலைய வளாகத்துக்குள், அல்லது தன் காவலில் இருக்கும் பெண்ணிடம். சட்டத்தின் கற்பனையில் போலீஸ்காரர் என்றால் ஒரு ஸ்டேஷனைச் சேர்ந்தவர். லாரியில் வந்து இறங்குகிறவருக்கு எந்த ஸ்டேஷன்? 2013-ல் டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு வந்த திருத்தம்தான் புதிய வாசகம் ஒன்றைச் சேர்த்தது. மத்திய அல்லது மாநில அரசு ஒரு பகுதியில் நிறுத்தியிருக்கும் ஆயுதப் படையினர் அந்தப் பகுதியில் செய்யும் வன்புணர்வு. துணை இராணுவமும் மாநிலத்தின் கட்டுப்பாட்டில் உள்ள படைகளும் இதில் அடங்கும். நிலையம் என்ற சொல்லின் பக்கத்தில் பகுதி என்ற சொல்லும் வந்து உட்கார்ந்தது. பழந்தமிழில் சொன்னால் புலம்.

வாச்சாத்திக்குப் பிறகுதான் அதிரடிப்படையின் காலம். 1993 ஏப்ரலில் பாலாறு அருகே வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். போலீஸ்காரர்கள், வனக் காவலர்கள், ஆள்காட்ட வந்தவர்கள். அவர்கள் வீடுகளிலும் பெண்கள் இருந்தார்கள், அவர்களுடைய துக்கத்தை நம் எழுத்து பெரும்பாலும் தொட்டதில்லை. காட்டில் வெடி வைக்கிறவனிடம் லத்தியோடு போக முடியுமா என்று அதிகாரிகள் கேட்டால் அது நியாயமான கேள்வி. நான் மறுக்கவில்லை. கேள்வி வீரப்பனைப் பற்றியது, விடை மலைக்கிராமங்கள் முழுவதற்குமாகக் கொடுக்கப்பட்டது. தமிழ்நாடு, கர்நாடகா இரண்டு மாநில அதிரடிப்படைகளும் மலையில் முகாமிட்டன. மாதேஸ்வரன் மலையில் சித்திரவதை நடந்த முகாமுக்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர். பழுது பார்க்கும் இடம்! தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன் பெண்கள் வந்து சொன்னார்கள். ஆடையைக் களைந்தது, மின்சாரம் பாய்ச்சியது, புருஷன் எங்கே என்று கேட்டது. புருஷன், அண்ணன், அப்பன் எங்கே என்பதற்கு விடையாகத்தான் அந்தப் பெண்கள் பிடித்து வைக்கப்பட்டார்கள். ச. பாலமுருகனின் சோளகர் தொட்டி நாவலை என் மாணவிகளில் சிலரால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடிவதில்லை, மூடி வைத்துவிடுகிறார்கள். நான் கட்டாயப்படுத்துவதும் இல்லை.

2004 அக்டோபரில் வீரப்பன் கொல்லப்பட்டதும் அதிரடிப்படையின் 752 பேருக்கும் தலா 3 லட்சம் ரூபாய், ஒரு வீட்டு மனை, ஒரு படி பதவி உயர்வு என்று அரசு அறிவித்தது. சதாசிவா குழுவின் அறிக்கைக்குப் பின் 2007-ல் ஆணையம் பரிந்துரைத்த இழப்பீடு 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம். முதல் கணக்குக்குச் சில நாள்கள் போதுமாயிருந்தன. இரண்டாவதற்கு வருடங்கள் ஆயின.

அதிரடி என்ற சொல் எனக்கு எப்போதும் உறுத்தும். சினிமா விளம்பரத்திலும் துணிக்கடைத் தள்ளுபடியிலும் கிடக்கிற சொல். கடல் தாண்டிப் போனால் அதே சொல் வேறு மாதிரி ஒலிக்கும். இலங்கையில் 1980-களின் நடுவில் போலீஸ் துறைக்குள்ளேயே விசேட அதிரடிப்படை உருவானது. பிரிட்டிஷ் சிறப்புப் படையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் நடத்திய தனியார் நிறுவனம் அதற்குப் பயிற்சி கொடுத்தது. கிழக்கு மாகாணத்திலிருந்து வந்த ஒரு தோழி, எங்கள் ஊர்க் கடைப் பலகையில் 'அதிரடி விற்பனை' என்று பார்த்துவிட்டு ஒரு நொடி நின்றது நினைவிருக்கிறது. பிறகு சிரித்துவிட்டார்.

மலையும் காடும் தொலைவு, அங்கே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த நகரத்து மக்கள் 2018 மே 22 அன்று தூத்துக்குடியைப் பார்த்தார்கள். வேன் மேல் ஏறி நின்று மஞ்சள் பனியன் போட்டவர் குறிபார்த்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போன கூட்டம். இறந்த 13 பேரில் இருவர் பெண்கள். ஒருத்திக்குப் பதினேழு வயது. மற்றவர் ஊர்வலத்திலேயே இல்லாதவர், திரேஸ்புரத்தில் தன் வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர். மாயக்காளுக்குப் பின் 98 ஆண்டு. விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் துப்பாக்கிச் சூட்டுக்கு அவசியமே இருக்கவில்லை என்றது, 17 காவல்துறையினர்மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அறிக்கை 2022-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

மறுபடி வாச்சாத்திக்கு வருகிறேன். அந்தப் பெண்கள் செய்ததை நாம் இன்னும் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். படை என்பது முகமில்லாத ஒன்று. அதன் பலமே அதுதான். எல்லோரும் ஒரே உடை, எல்லோரும் உத்தரவுப்படி, யாரும் தனியாக எதையும் செய்யவில்லை. சட்டமோ தனி ஆளைக் கேட்கும். யார் செய்தது, எந்த முகம், எந்தக் கை? முகத்தைப் பார்க்காதே என்று கற்றுத் தரப்பட்டவர்களின் முகத்தை அந்தப் பெண்கள் பார்த்து வைத்திருந்தார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கத்தினரும் துணை நின்றார்கள். 1995-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்கள் ஆள் ஆளாகக் காட்டினார்கள். நீதிமன்றத்தில் வருடக்கணக்கில், குறுக்கு விசாரணையில் கேட்கக்கூடாதவற்றையெல்லாம் கேட்டபோதும், அதையே சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 269 பேரில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். ஒருவர்கூட விடுதலை ஆகவில்லை. வன்புணர்வுக்காகத் தண்டனை பெற்றவர்கள் 17 பேர். அவர்களில் 12 பேருக்கு 10 ஆண்டு, 5 பேருக்கு 7 ஆண்டு.

மேல்முறையீடு இன்னும் பன்னிரண்டு ஆண்டு நடந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் தீர்ப்புக்கு முன் ஊருக்கே போய்ப் பார்த்தார். 2023-ல் அதே செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய். அதில் பாதியைத் தண்டனை பெற்றவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்பதும் உத்தரவில் இருக்கிறது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. லாரியில் ஏறாதவர்களையும் கணக்கில் சேர்த்த அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இந்தக் கட்டுரையின் முதல் வரைவை ஏ.ஆரில் இருக்கும் அந்த மாணவிக்கு அனுப்பினேன். அவளைப் பற்றி எழுதிய பத்திக்கு அவள் சம்மதம் வேண்டும். ஊரையும் பெயரையும் எழுதக் கூடாது என்றாள், எழுதவில்லை. வேறு எதையும் மாற்றச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து இரவுப் பணியிலிருந்து போன் செய்தாள். வாச்சாத்தி வழக்கு அவர்கள் பயிற்சியில் வரவில்லையாம், தீர்ப்பு தமிழில் கிடைக்குமா என்று கேட்டாள். தேடித் தருகிறேன் என்றேன். பின்னால் வாக்கி-டாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்த அடையாள அணிவகுப்புல, அம்மா," என்றாள், "அவங்களுக்கு எதிர்ல எத்தன பேர நிக்க வச்சாங்க?"